100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றால் என்ன? மகலனோபிஸ் சொல்லிக்கொடுத்த பாடம்

2015 டிசம்பருக்குப் பிறகு அடையாற்றுக் கரையோரம் அதிகம் அடிபட்ட பேச்சு, 100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்பதுதான். அதான் வந்துட்டுப் போயிடுச்சே, இனிமே நம்ம காலத்துல வராது என்ற தைரியத்தில் பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் மனை பார்ப்பவர்கள் உண்டு. அந்த தைரியம் சரியா?

வெள்ளத்தை நினைவை வைத்துப் பேசாமல், பதிவேட்டை வைத்துப் பேச இந்தியாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். அவர் பிறந்த ஜூன் 29-ம் தேதிதான் 2007 முதல் நம் நாட்டின் புள்ளியியல் தினம்.

யார் இவர்?

1893-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். அங்குள்ள பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1913-ல் கேம்பிரிட்ஜ் போனார். அங்கே நம்ம கும்பகோணத்து ராமானுஜனுக்கு நண்பரானார். குளிர் தாங்காமல் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்கிய ராமானுஜனுக்கு, கட்டிலில் மடித்துச் செருகியிருந்த கம்பளிகளை விலக்கி உள்ளே படுப்பது எப்படி என்று காட்டியவர் இவர்தான்.

ஊர் திரும்பும்போது பயோமெட்ரிகா என்ற புள்ளியியல் இதழின் தொகுதிகளை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். வழியெல்லாம் அதே படிப்பு. கல்லூரியில் இயற்பியல் வகுப்பு எடுத்தாலும், மனசு புள்ளிவிவரங்கள் பக்கம் போய்விட்டது.

ஒடிசாவில் என்ன நடந்தது?

1926-ல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் பெரும் வெள்ளம். ஆற்றின் படுகை மேடாகிவிட்டது, கரையைப் பல அடி உயர்த்த வேண்டும் என்றார்கள் பொறியாளர்கள். மகலனோபிஸ் சுமார் 60 ஆண்டுகளின் மழை, வெள்ளப் பதிவுகளை எடுத்து அலசினார். படுகை உயரவே இல்லை. மேல்பகுதியில் கொட்டிய அதீத மழைதான் காரணம் என்று தெரிந்தது. கரையை உயர்த்துவதால் பயனில்லை, மேலே அணை கட்டி நீரைத் தேக்குங்கள் என்றார். அதற்கு முன் 1922-ல் வடக்கு வங்காளத்தில் வந்த வெள்ளத்திலும் அவர் பழைய பதிவுகளைப் புரட்டித்தான் விடை தேடினார்.

நம்ம ஊருக்கு ஒரு பயிற்சிக் கணக்கு

100 ஆண்டுக்கு ஒருமுறை என்றால், ஒவ்வோர் ஆண்டும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். போன வருஷம் வந்தாலும், இந்த வருஷத்துக்கான வாய்ப்பு அதே 1 சதவீதம்தான். ஆற்றுக்கு ஞாபகம் கிடையாது.

சரி, 20 வருஷ ஹோம் லோன் போடுகிறீர்கள். லோன் முடிவதற்குள் ஒருமுறையாவது வெள்ளம் வர எவ்வளவு வாய்ப்பு? ஓர் ஆண்டு தப்பிக்கும் வாய்ப்பு 0.99. அதை 20 முறை பெருக்கினால் சுமார் 0.82. மீதி 0.18, அதாவது 18 சதவீதம். பகடையை ஒருமுறை உருட்டும்போது ஆறு விழும் வாய்ப்பைவிடச் சற்று அதிகம். 30 வருஷ லோன் என்றால் 26 சதவீதம். பிளஸ் டூவில் படித்த ஈருறுப்புப் பரவல், அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 1 சதவீதம் எப்போதும் அப்படியே இருக்காது. ஏரிகள் சுருங்கினால், ஆற்றின் வழி குறுகினால், மழை மாறினால் அதுவும் ஏறும். மகலனோபிஸ் முதலில் கேட்டதும் இதைத்தான்: ஆறு மாறியிருக்கிறதா, இல்லையா? மனை வாங்குபவர் கேட்க வேண்டியதும் அதுவே. 2015-ல் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, அதன்பின் சுற்றுவட்டாரத்தில் எது மாறியது என்று விசாரியுங்கள்.

பிறகு என்ன செய்தார்?

1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1936-ல் அவர் வெளியிட்ட மகலனோபிஸ் தொலைவு என்ற அளவை இன்றும் டேட்டா சயின்ஸ் படிப்பவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். மொத்தக் கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் தரவைக் கண்டுபிடிக்க அது உதவும். 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு உருவாகக் காரணமானார். எல்லா வீட்டையும் எண்ணாமல், சரியாகப் பொறுக்கிய சில வீடுகளை வைத்தே நாட்டின் நிலையைச் சொல்லும் முறை அது. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் அடிப்படையும் அவர் வகுத்ததே. 1968-ல் பத்ம விபூஷண் பெற்றார்.

1972 ஜூன் 28-ல், 79-வது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு காலமானார். நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு செலவு செய்கிறது என்று இன்று நீங்கள் செய்தியில் பார்க்கும் எண்கள் பலவும் அவர் போட்ட பாதையில் வருபவைதான்.