குருதியின் குறை கண்ட அம்மையார்

இரத்தினபுரி, கேகாலைப் பகுதித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணோ, இறப்பர்ப் பால் வெட்டும் பெண்ணோ கருவுற்றுக் கிளினிக்குக்குச் சென்றால், முதலில் அவள் குருதியைச் சோதிக்கிறார்கள். 100 மில்லிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை. இரும்புச் சத்தோடு போலிக் அமில மாத்திரையும் கொடுக்கிறார்கள். அந்தச் சிறு மாத்திரைக்கு வழிவகுத்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி.

1888 மே 10ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்றார். 1911இல் தந்தையையும் 1913இல் சகோதரியையும் இழந்தார். அத்துயரத்தின் பின் தாயாரோடு இலங்கைக்கு வந்து சில காலம் தங்கினார். முதல் உலகப் போரின்போது கேப்டவுனில் தாதியாகத் தொண்டாற்றினார். அதன் பின்னரே மருத்துவம் கற்கத் துணிந்தார். 1920இல் மருத்துவரானபோது வயது 32.

1928இல் மார்கரெட் பால்ஃபர் அம்மையாரின் அழைப்பை ஏற்றுப் பம்பாய் வந்தார். அங்கே நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் கடுஞ்சோகையுற்று மாண்டனர். கிருமிதான் காரணமோ என்று முதலில் ஆராய்ந்தார்; கிருமி எதுவும் அகப்படவில்லை. பிறகு அவர்கள் உண்ட உணவை ஆராய்ந்தார். பம்பாயிலும் குன்னூரிலும் சென்னையிலும் அவருடைய ஆய்வு தொடர்ந்தது.

இரும்புச் சத்துக் குறைந்தால் செவ்வணுக்கள் சிறுக்கும். இப்பெண்களின் செவ்வணுக்களோ பருத்திருந்தன. இதே தோற்றமுடைய வேறொரு கொடிய சோகையைத் தூய்மைப்படுத்திய ஈரல் சாறு குணமாக்கி வந்தது; இங்கே அது பயன்படவில்லை. ஆனால், நம் வீடுகளில் பாணில் தடவி உண்ணும் மாமைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அவர்களை எழுந்து நடமாட வைத்தது. 1931இல் இம்முடிவு வெளியாயிற்று. பெயரறியா அச்சத்தை அறிஞர்கள் வில்ஸ் காரணி என்றழைத்தனர். 1941இல் பசளிக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அது போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

பின்னாளில் பிஜி, ஜமைக்கா முதலிய இடங்களிலும் சோகையை ஆராய்ந்த அவர், திருமணம் செய்யாமலே வாழ்ந்து, 1964 ஏப்ரல் 16இல் மறைந்தார். அவர் கண்ட சத்து, கருவுறுமுன்பே உட்கொண்டால் குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாட்டையும் பெரிதும் தடுக்கும் என்பது 1991இல் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாயிற்று.

சோகை தனி ஒரு நோயன்று. பல குறைகளின் அடையாளம். இரும்புக் குறையும் கொக்கிப்புழுவும் மலேரியாவும் கீரையற்ற உணவும் ஈமோகுளோபின் அளவை ஒன்றுபோலவே தாழ்த்தும். எண் குறைந்ததென்று அறிவதோடு நில்லாது, ஏன் குறைந்ததென்று வினவியதே அவ்வம்மையாரின் பெருமை. நாள் முழுதும் பச்சிலை பறிக்கும் கைகள், தம் உலையிலும் ஒரு பிடி கீரை இடுமளவுக்கு ஊதியமும் ஓய்வும் பெற வேண்டும். அக்குறை தீராதவரை மாத்திரை பாதி மருந்தே.