வாங்குறவங்களைத் தேடிப் போன கமலாதேவி

நம்ம ஆரணியில் தறி வேலை தெரிஞ்ச பெண்களுக்குப் பஞ்சமில்லை. தார் சுத்துவோம், பாவு பிணைப்போம், வீட்டுக்காரர் எழுந்து போனால் தறியிலும் உட்காருவோம். நெய்த சேலையை முதலாளி வீட்டில் கொடுத்துக் கூலி வாங்கியதும் நம்ம வேலை முடிஞ்சிடுது. அதை எந்த ஊரில் யார் கட்டுறாங்கன்னு நமக்குத் தெரியாது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடே இருக்கு. ஆனாலும் வாங்குறவங்க முகத்தை நாம பார்த்ததில்லை. கையால் செய்யுற பொருளுக்கு ஆள் பிடிக்கிறதையே வாழ்க்கையா வச்சிருந்த ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க பேர் கமலாதேவி சட்டோபாத்யாய்.

1903 ஏப்ரல் 3-ல் மங்களூரில் பிறந்தவர். அப்பா பெரிய அரசு உத்தியோகத்தில் இருந்தார். கமலாதேவிக்கு ஏழு வயசாகும்போது உயில் எழுதாமலே இறந்துட்டார். அந்தக் காலத்தில் பெண்களுக்குச் சொத்தில் பங்கு கிடையாது. எல்லாம் அப்பாவோட மூத்த தாரத்து மகனுக்குப் போச்சு. அம்மா கிரிஜாபாய் தன்னோட சீதனத்தை வச்சே மகளை வளர்த்தார். கமலாதேவிக்குச் சின்ன வயசிலேயே கல்யாணம் ஆகி, சீக்கிரமே விதவையும் ஆனார். பிறகு சென்னைக்கு வந்து படிச்சார். சரோஜினி நாயுடுவின் தம்பி ஹரீந்திரநாத்தை மறுமணம் செய்துகொண்டார். ஊர் என்ன பேசியிருக்கும்னு நமக்குச் சொல்லவா வேணும்! அந்தக் கல்யாணமும் நிலைக்கலை, பிரிஞ்சுட்டாங்க. ஒரே மகன். 1926-ல் சென்னை மாகாண சட்டசபைத் தேர்தலில் நின்று கொஞ்சம் ஓட்டில் தோற்றார். ஒரு பெண் தேர்தலில் நிற்பதே அப்போ புதுசு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1930-ல் நடந்த உப்பு சத்தியாகிரகம்தான். முதலில் அதில் பெண்களைச் சேர்க்கிறதா காந்திஜி நினைக்கலை. கமலாதேவி நேரில் போய் வாதாடி ஒத்துக்க வச்சார். பம்பாய்க் கடற்கரையில் பெண்கள் அடுப்பு வச்சு உப்பு காய்ச்சினாங்க. அதைப் பொட்டலம் கட்டி எங்கே கொண்டு போய் வித்தார் தெரியுமா? பங்குச் சந்தையில்! நாமளா இருந்தா காய்கறிச் சந்தைக்குப் போயிருப்போம். அவர் பணம் புரளுற இடத்துக்கு நேரா நடந்தார். அங்கே இருந்த பணக்கார வியாபாரிகள் வீட்டில் உப்பு இல்லாமலா வாங்கினாங்க? அந்தப் பொட்டலத்தில் சுதந்திரம் இருக்குன்னு நினைச்சு வாங்கினாங்க. அதோட விடாமல் ஹைகோர்ட்டுக்கும் போய், அங்கே இருந்த மாஜிஸ்திரேட்டிடமே உப்பு வாங்கிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் கைதாகி ஜெயிலுக்குப் போனார்.

1947-ல் நாடு பிரிஞ்சப்போ, உடுத்தின துணியோட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் டில்லிப் பக்கம் வந்து சேர்ந்தன. அவங்களுக்காக 1948-ல் இந்தியக் கூட்டுறவு யூனியனைக் கமலாதேவி ஆரம்பிச்சார். ஃபரிதாபாத்தில் அகதிகளுக்குப் புது ஊரே உருவாச்சு. இனாம் கொடுத்தா எத்தனை நாளைக்கு வரும்? அவங்க கைத்தொழிலையே திரும்பச் செய்ய வழி பண்ணணும்னு பாடுபட்டார். ஆனா பொருள் செஞ்சு குவிச்சா மட்டும் போதுமா? டில்லியில் அரசாங்கம் தொடங்கியிருந்த குடிசைத் தொழில் எம்போரியத்தை 1952-ல் இந்த யூனியன் எடுத்து நடத்த ஆரம்பிச்சது. எங்கோ கிராமத்தில் செஞ்ச பொருளும் பட்டணத்துக்காரங்க கண்ணில் பட ஒரு இடம் கிடைச்சது. அதே வருஷம் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைஞ்சது. அதுக்குத் தலைவரா இருந்து ஊர் ஊரா அலைஞ்சார்.

ராகு கேது பூஜைக்கு நாம போற காளஹஸ்தியிலும் அவங்க வேலை இருக்கு. அங்கே கலம்காரின்னு மூங்கில் குச்சியைப் பேனா மாதிரி பிடிச்சு, துணியில் ராமாயணம், பாரதம் வரைவாங்க. கோயிலில் தொங்கவிடுற துணி அது. ஆதரிச்சவங்க குறையக் குறைய, வரையத் தெரிஞ்சவங்களும் விரல் விட்டு எண்ணுற அளவுக்கு வந்துட்டாங்க. 1950-களில் அங்கே ஒரு பயிற்சி நிலையம் வர கமலாதேவி காரணமா இருந்தார். இன்னைக்கு அந்தக் கலம்காரி சேலையில் வருது, துப்பட்டாவில் வருது. கோயில் துணி வாங்குறவங்க எத்தனை பேர், சேலை வாங்குறவங்க எத்தனை பேர்? கை வேலை அதேதான், வாங்குற ஆள்தான் வேற.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துது. பட்டணத்துக் கடையில் நல்ல விலைக்குப் போற பொருளில், செஞ்சவங்க கைக்கு எவ்வளவு வந்து சேருது? கூட்டுறவு கூட்டுறவுன்னு கமலாதேவி விடாமல் நின்றது இதுக்காகத்தான்னு நினைக்கிறேன். தனி ஆளா போனா கடைக்காரர் சொன்னதுதான் விலை. சங்கமா போனா நாமளும் ஒரு விலை சொல்லலாம்.

1964-ல் நியூயார்க்கில் உலகக் கைவினைக் கவுன்சில் தொடங்கினப்போ அதில் முன்னால் நின்றவர்களில் இவரும் ஒருவர். அதே வருஷம் இந்தியக் கைவினைக் கவுன்சிலும் ஆரம்பமாச்சு. அதோட தலைமை இடம் நம்ம சென்னையில் இருக்கு. 1966-ல் மகசேசே விருது வந்தது. 1988 அக்டோபர் 29-ல், 85 வயசில் காலமானார்.

எங்க குழுவில் பட்டு வெட்டுத் துணியில் சுருக்குப் பை தைக்கிறோம். தாம்பூலத்துக்குக் கேட்டு அக்கம்பக்கம் வாங்கினாங்க, சொந்தக்காரங்க வாங்கினாங்க. பூமாலை வளாகத்தில் தீபாவளிக்குக் கொஞ்சம் போச்சு. இப்போ எல்லார் வீட்டிலும் பை இருக்கு, லோன் தவணை மட்டும் மாசாமாசம் வருது. அந்தக் கைவினைக் கவுன்சில் டில்லியில் கமலாதேவி பேரிலேயே ‘கமலா’ன்னு ஒரு கடை வச்சிருக்கு. அங்கே எந்த அளவுப் பை எடுப்பாங்க, என்ன கலர் கேட்பாங்கன்னு சென்னை ஆபீசுக்குக் கடிதம் எழுதிக் கேட்கப் போன கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கோம். கூடவே மூணு பை மாதிரிக்கு அனுப்புறோம். உள்பக்கம் ‘ஆரணி’ன்னு நூலில் தைச்சாச்சு.