கால்டுவெல் ஐயர் இல்லமும் அவர்தம் ஓய்வு நாள்களும்

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த கால்டுவெல் ஐயரின் பெயரைத் தமிழர் அனைவரும் அறிவர். ஆயின் அப்பெரியார் எங்ஙனம் இல்லறம் நடத்தினார், ஓய்வு நாள்களை எவ்வாறு கழித்தார் என்பதனை அறிந்தார் சிலரே. பிறந்த மண்ணை விட்டு வந்து பிற மொழி வழங்கும் ஊர்களில் காலனி வாழ்க்கை நடத்தும் நமக்கு, ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அயல்நாட்டில் குடித்தனம் செய்த ஒருவரின் வரலாறு அந்நியமாகத் தோன்றாது. ஆதலின் அவர் வாழ்வின் அப்பகுதியை ஈண்டு எடுத்துரைப்போம்.

இராபர்ட்டு கால்டுவெல் 1814-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள் அயர்லாந்து நாட்டில் அந்திரிம் மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் இசுக்காட்லாந்து மரபினர். பத்தாம் வயதில் குடும்பத்துடன் கிளாசுகோ நகரம் சென்றார். இளமையில் ஓவியம் பயின்றார். பின்னர்ச் சமயப் பணியில் நாட்டம் கொண்டு கிளாசுகோ பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்குக் கிரேக்க மொழிப் பேராசிரியர் சாண்டுபோர்டு நிகழ்த்திய விரிவுரைகளே மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் ஆர்வத்தை அவர் உள்ளத்தில் வித்திட்டன.

1837-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் கப்பலேறினார். சூயசுக் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றியே கப்பல்கள் வரவேண்டும். வழியில் விபத்தும் நேர்ந்தது. 1838-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாளே அவர் சென்னையில் இறங்கினார். நாம் இரண்டு இரவுகள் புகைவண்டியில் கழித்து ஊர் போய்ச் சேர்வதையே நெடும்பயணமாகப் பேசுகிறோம். அவர்க்கு வருகைக்கு மட்டும் நான்கு திங்களுக்கு மேல் ஆயிற்று. ஊருக்குத் திரும்புவது நினைத்தபோது கைகூடும் செயலன்று.

சென்னையில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் கற்றார். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து வந்த துரூ ஐயர் அக்காலத்தில் அவர்க்குத் துணையாயினார். 1841-இல் திருநெல்வேலிப் பகுதியில் பணியாற்றப் புறப்பட்டபோது, வண்டியோ பல்லக்கோ நாடாமல் நடந்தே சென்றார். காவிரி நாட்டு ஊர்களைக் கண்டு, நீலகிரி ஏறி, உதகையில் குருப்பட்டம் பெற்று, மதுரை வழியாகத் தெற்கே சென்றார். மக்களின் பேச்சையும் பழக்கத்தையும் அருகிருந்து அறிய அந்நடை உதவியது. அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார்.

இடையன்குடி செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் சூழ்ந்த சிற்றூர். பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சும் உழைப்பாளிகளே அங்கு மிகுதி. கோடையில் மணல் கொதிக்கும். காற்றெழுந்தால் வீட்டினுள்ளும் புழுதி படியும். அவ்வூரில் ஐயர் நேரான தெருக்கள் வகுத்தார். கிணறுகளும் மரங்களும் அமைவித்தார். தாம் கற்ற ஓவியக் கலையைக் கோயிற் பணிக்குப் பயன்படுத்தினார். 1847-இல் தொடங்கிய ஆலயத் திருப்பணி 1880-இல்தான் முற்றுப்பெற்றது. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரு கட்டடத்தின் வளர்ச்சியைக் காத்திருந்து கண்ட குடும்பம் அது.

குடும்பம் என்றோம். 1844-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஐயர் நாகர்கோவிலில் எலிசா அம்மையாரை மணந்தார். அம்மையார் அங்குத் தொண்டாற்றிய மால்ட் ஐயரின் மூத்த மகளார். நாகர்கோவிலிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆதலின் தமிழ் அவர்க்கு ஏட்டில் கற்ற மொழியன்று. முற்றத்திலும் அடுக்களையிலும் கேட்டுப் பேசிய மொழி. கணவர் இலக்கணம் வழியே தமிழை அணுகினார். மனைவியாரோ பேச்சின் வழியே அதனை உடைமையாக்கியிருந்தார். ஊர்ப் பெண்டிர் பேசும் நயத்தையும் சொல்லின் வழக்கையும் ஐயர் தம் மனையிலேயே கேட்டறியும் பேறு பெற்றார். ஒப்பிலக்கண ஆசிரியரின் புகழைப் பாடும்போது இவ்வம்மையாரின் பங்கினை நாம் மறத்தல் ஆகாது.

அம்மையார் இல்லத்தோடு நிற்கவில்லை. பெண்கள் உடனுறைந்து பயிலும் பள்ளியொன்றை நடத்தினார். எழுத்தறிவோடு தையலும் கற்பித்தார். அவர் அன்னையார் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் ரேந்தைப் பின்னலைத் தொடங்கி வைத்தவர். அக்கைத்தொழிலை மகளார் இடையன்குடிக்குக் கொணர்ந்தார். திண்டில் ஊசிகள் குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னும் நுண்ணிய வேலை அது. தேரிக்காட்டுப் பெண்கள் அதனால் தம் கையாலேயே பொருளீட்டும் வழி கண்டனர்.

ஐயருக்கும் அம்மையாருக்கும் மக்கள் எழுவர். அக்காலத்து ஐரோப்பியக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கல்விக்காகக் கடல் கடந்து அனுப்புவது வழக்கம். அனுப்பிய பிள்ளையை மீண்டும் காண ஆண்டுகள் பல ஆகும்; கடிதம் ஒன்றே ஆறுதல். மகன் ஓரூரிலும் மகள் வேறோர் ஊரிலுமாகப் பிரிந்து வாழும் நம் பெற்றோர்க்கு அவ்வேதனையை விளக்க வேண்டா. ஐயரின் மகள் இசபெல்லா, உயட்டு ஐயரை மணந்து தென்னாட்டிலேயே பணியாற்றினார். அம்மருகரே மாமனாரின் நினைவுக் குறிப்புகளைத் தொகுத்து 1894-இல் நூலாக வெளியிட்டார்.

குறையொன்றும் இல்லாதவர் ஐயர் எனக் கூறோம். பனையேறும் மக்களைப் பற்றி 1849-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறுநூல் அம்மக்களைத் தாழ்த்திப் பேசிற்று. பின்னாளில் கல்வி பெற்று உயர்ந்த அவர்தம் வழியினர் மனம் புண்பட்டு வன்மையாக எதிர்த்தனர். அந்நூல் வழக்கினின்று நீக்கப்படலாயிற்று. ஓரிடத்திற்குப் புதிதாகச் செல்வோர், அவ்விடத்து மக்களை முழுதும் அறியுமுன் அவர்களைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் தகாது என்பதற்கு இதுவே சான்று. நாம் வாழும் ஊர்களின் மக்களைப் பற்றி நம் இல்லங்களில் பேசும் பேச்சுக்கும் இது பொருந்தும்.

இனி ஓய்வு நாள்களைக் காண்போம். ஐம்பத்து மூன்று ஆண்டுகளில் ஐயர் தாய்நாடு சென்றது மூன்றே முறை. வெப்பமும் ஓயா உழைப்பும் உடலை நலித்தமையால் 1854-இல் முதன்முறை குடும்பத்துடன் சென்றார். நோய் தீர்த்துக்கொள்ளச் சென்றவர் செய்தது யாது? நெடுநாள் திரட்டிய குறிப்புகளையெல்லாம் ஒழுங்குபடுத்தி, 1856-இல் இலண்டன் மாநகரில் ஒப்பிலக்கணத்தை அச்சேற்றினார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியவை வடமொழியினின்று பிறந்தவையல்ல, தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதனை விரிவான சான்றுகளோடு அந்நூல் நிறுவியது. எல்லிசு துரை 1816-இலேயே இக்கருத்தைச் சுட்டியிருந்தார். அதனை இலக்கணமாக வளர்த்தவர் கால்டுவெல்.

1873-இல் மீண்டும் விடுமுறையில் சென்றார். அவ்விடுமுறையின் பயன் 1875-இல் வெளிவந்த திருத்திய இரண்டாம் பதிப்பு. நடு இந்தியாவில் வழங்கும் கோண்டு, சோட்டா நாகபுரியில் வழங்கும் ஒராவோன் முதலிய மொழிகளும் அதில் இடம் பெற்றன. தமிழகத்திற்கு வெகு தொலைவில் வாழும் நம்மவர் பலர், தம் காலனிக்கு அருகே சந்தையில் கேட்கும் மொழி தமிழுக்கு உறவு என்பதனை அறியார். ஐயரின் இரண்டு விடுமுறைகளும் தமிழுக்கு ஒரு நூலையும் அதன் விரிவையும் தந்தன எனல் மிகையன்று.

ஆண்டுதோறும் வரும் கோடைக்குக் கொடைக்கானல் மலை இருந்தது. காய்ச்சலுக்கும் கொள்ளை நோய்க்கும் அஞ்சிய மதுரை அமெரிக்கத் தொண்டர்கள் 1845-இல் அங்கு முதல் வீடுகளைக் கட்டினர். 1863-இல் இலவிஞ்சு துரை ஏரியை அமைத்தார். மலைக்கு வண்டிப்பாதை இல்லை. 1875-இல் இருப்புப் பாதை வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து மட்டக் குதிரையிலோ டோலியிலோ ஏறவேண்டும். முதுமையில் ஐயரும் குடும்பத்தாரும் அம்மலையின் தண்மையை நாடினர். ஆயினும் ஓய்வு கொள்ளச் சென்ற இடத்திலும் ஐயர் ஓய்ந்திருந்தாரல்லர். அங்கு ஓர் ஆலயம் எழுவதற்கும் முயன்றார்.

1877-இல் கல்கத்தா நகரில் அவர் பேராயராக உயர்த்தப்பெற்றார். கொடிய பஞ்சம் தென்னாட்டை வாட்டிய காலம் அது. கொற்கையில் அகழ்ந்து பழம்பொருள்களை ஆராய்ந்ததும், 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரம் வெளியிட்டதும் இம்முதுமைக் காலத்துப் பணிகளே. 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதவி துறந்தார். அப்பொழுதும் அயர்லாந்துக்கோ கிளாசுகோவுக்கோ திரும்ப எண்ணவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் கொடைக்கானலில் உயிர் நீத்தார். மலையினின்று இறக்கிய உடலை நெடுவழி கடந்து இடையன்குடிக்குக் கொணர்ந்து, அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்தனர். அம்மையார் 1899 வரை வாழ்ந்திருந்தார்.

1968-இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் ஐயருக்குச் சிலை நிறுவப்பெற்றது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லம் 2011-இல் நினைவில்லமாயிற்று. திசையன்விளைக்கு அண்மையில் உள்ளது அவ்வூர். கோடை விடுமுறைக்குத் தெற்கே செல்லும் நம் குடும்பங்கள் கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் தவறாது செல்கின்றன. அவ்வழியில் ஒரு பகற்பொழுதை இடையன்குடிக்கும் ஒதுக்குவோமாக. நம் குழந்தைகளுக்கு அவ்வீட்டைக் காட்டி, அதில் வாழ்ந்த வெள்ளைக்காரக் குடும்பம் தமிழ் பேசிய கதையைத் தமிழிலேயே சொல்வோமாக.