சிஷ்யர்களால் அறியப்பட்ட கணித ஆசான்

சரஸ்வதி பூஜையன்று நம் பிள்ளைகள் பாடப் புத்தகங்களைக் கொண்டுவந்து அம்பாள் முன் அடுக்கி வைக்கிறார்கள். கணிதப் புத்தகம் அநேகமாக மேலேயே இருக்கும். பயம் அதிகமுள்ள பாடம் அதுதானே! மறுநாள் விஜயதசமியில் வித்தை தந்த குருவை வணங்குகிறோம். இவ்விதழில் நாம் நினைவுகூரும் குரு நம் சமயத்தவர் அல்லர், தமிழரும் அல்லர். பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைத் துறவியான அருட்தந்தை சார்ல்ஸ் ராசீன் அவர். ஆயினும் தமிழ்நாடு அவருக்குப் பட்ட கடன் பெரிது.

1897இல் பிறந்த ராசீன், பாரிஸில் எலி கார்ட்டான் என்னும் கணித மேதையிடம் பயின்று 1934இல் டாக்டர் பட்டம் பெற்றார். சார்பியல் கொள்கையைச் சேர்ந்த கணிதமே அவரது ஆய்வுப் பொருள். அக்காலக் கணிதத்தின் போக்கையே மாற்றிய ஆந்த்ரே வெய்ல், ஆன்றி கார்ட்டான் போன்றோர் அவருடைய நண்பர்கள். அந்தச் சூழலையெல்லாம் விட்டு 1937இல் இந்தியா வந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் ஆசிரியரானார். 1939இல் சென்னை லயோலா கல்லூரிக்கு மாறினார். அதன்பின் அவர் வாழ்வு சென்னை மாணவர்களுக்கே உரியதாயிற்று.

அந்நாளில் சென்னையில் கற்பிக்கப்பட்ட கணிதம் பெரும்பாலும் இங்கிலாந்து வழிவந்தது. கணிதத்தில் ஆனர்ஸ் முடித்த கெட்டிக்காரப் பிள்ளை அடுத்து அரசாங்க உத்தியோகப் பரீட்சை எழுதவேண்டும் என்பதே பெற்றோரின் கனவு. ராசீன் தம் மாணவர்களுக்குப் பாடத்திட்டத்திற்கு வெளியே ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தார். ஐரோப்பாவில் வளர்ந்துவந்த புதிய கணிதத்தையும் அதற்கான நூல்களையும் அறிமுகப்படுத்தினார். ஆர்வம் உள்ளவர்களை இனங்கண்டு, 1945இல் தொடங்கப்பட்டு பம்பாயில் இயங்கிவந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திற்குச் செல்லும்படி ஊக்குவித்தார்.

அவ்வாறு 1953இல் அங்கு சேர்ந்தவர்களில் இருவர் தண்டரை கிராமத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த எம்.எஸ். நரசிம்மனும், காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியும் ஆவர். இருவரும் இணைந்து 1965இல் வெளியிட்ட தேற்றம் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சேஷாத்ரி 1989இல் சென்னையில் தொடங்கிய கணிதப் பள்ளியே இன்றைய சென்னை கணிதவியல் நிறுவனம். குருவிடம் பெற்றதைச் சீடர் தம் ஊருக்கே திருப்பித் தந்தார்.

பெற்றோராகிய நாம் சிந்திக்கவேண்டிய செய்தி இன்னொரு மாணவரின் கதையில் உள்ளது. அவர் சி.பி. ராமானுஜம் (உலகப் புகழ்பெற்ற சீனிவாச ராமானுஜன் வேறு, இவர் வேறு). 1957இல் ஆனர்ஸ் தேர்வில் இவருக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்புத் தேர்ச்சிதான். மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் அத்துடன் அவரை ஒதுக்கியிருப்பார். ராசீனோ அந்த இளைஞரின் சுயசிந்தனையையும் தீராத அறிவுத்தாகத்தையும் கண்டார். பம்பாய்க்கு விண்ணப்பிக்கத் தூண்டினார். 1974இல் 36 வயதிலேயே மறைந்துவிட்ட போதிலும், இயற்கணித வடிவியலில் ராமானுஜம் அழியாத பெயர் பெற்றார்.

1976இல் ராசீன் காலமானார். தாமே எழுதிய ஆய்வுகளைவிடத் தம் மாணவர்களாலேயே அவர் நினைக்கப்படுகிறார். ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெருமை வேறென்ன?

இங்கே வாழும் நாமும் பிள்ளையின் பரீட்சை முடிவு வந்ததும் முதலில் எண்ணைத்தான் தேடுகிறோம். குறைந்தால் முகம் வாடுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயர் வாயில் வருகிறது. அந்தப் பிள்ளை எதைத் தானாகவே தேடிப் படிக்கிறது, எந்தக் கேள்வியை விடாமல் கேட்கிறது என்றும் பார்ப்போமாக. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பிள்ளையைக் காணும் கண்ணை நமக்கும் அருளுமாறு இவ்விஜயதசமியில் கலைமகளை வேண்டுவோம்.