இரட்டைமலை சீனிவாசன்

கடல் சூழ்ந்த தீவகத்தில் நல்லதண்ணீர்க் கிணறு எத்துணைப் பெருஞ் செல்வம் என்பதை நாம் அறிவோம். அதில் அள்ளுவோர் யார், கையேந்திக் காத்து நிற்போர் யார் என்ற பழைய வழக்கையும் அறிவோம்.

செங்கற்பட்டுச் சீமையில், ஒடுக்கப்பட்ட குலத்திற் பிறந்த சீனிவாசனார் இவ்வழக்கையே எதிர்த்து நின்றார். 1893-இல் குலப்பெயராலேயே ‘பறையன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். பிறர் இழிவாய்ச் சொன்ன பெயரைத் தலைப்பிலே பொறித்தமை வீரச்செயலென்றே கொள்வோம். பின்னர் தென்னாபிரிக்காவில் பல்லாண்டு பணியாற்றி, 1921-இல் மீண்டு, சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். பொதுத் தெரு, குளம், கிணறு யாவும் எல்லாச் சாதியார்க்கும் உரியன என அவர் கொணர்ந்த தீர்மானம் 1924-இல் நிறைவேறி அரசாணையாயிற்று. 1930-இல் அம்பேத்காருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டிலும் வழக்குரைத்தார். 1945-இல் மறைந்தார்.

பொதுவிடங்களிற் சாதித்தடை விதிப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957-இலேயே வந்தது. அதன் பின்னும் சில கிணற்றடிகளிலே துலா எல்லார்க்கும் தாழவில்லை.