மேடை விரும்பாத இளவரசி

அரச குடும்பத்தில் பிறந்தவர்கள் நாட்டின் அரசியல் குறித்துப் பொதுமன்றத்தில் வாய்திறத்தல் ஆகாது என்பது இங்கிலாந்தின் எழுதப்படாத மரபு. ஆளும் உரிமை அமைச்சரவையின் கைக்குச் சென்றபின், பேசாதிருத்தலே அரசகுலத்தின் தலையாய கடமையாயிற்று. அந்த மௌனத்திற்கு ஈடாக மாளிகையும் மானியமும் மரியாதையும் அவர்களுக்குக் கிடைத்து வந்தன. இப்பண்டமாற்றுக்கு உடன்படாத சிலருள் ஒருவர் இளவரசி சோபியா துலீப்சிங். பிற அரசகுலத்தாரினும் அவருடைய நிலை சிக்கலானது. அவர் பிறந்த குலத்திற்கு முடி இல்லை. அவர் குடியிருந்த மாளிகை அவருடையதன்று. அவர் உண்ட உணவுக்குப் பொருள் தந்தது, பாட்டனாரின் நாட்டைக் கைப்பற்றிய அதே அரசு. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக் கருத வேண்டும். சோபியா சொல்வன்மை வாய்ந்தவர் அல்லர். கூட்டங்களில் எழுந்து பேச அஞ்சியவர்.

பஞ்சாபின் சிங்கம் எனப் புகழ்பெற்ற மகாராசா ரஞ்சித்சிங்கின் இளைய மகன் துலீப்சிங். ஐந்து வயதில் அரியணை ஏறி, பத்து வயதில், 1849ஆம் ஆண்டில், அதை இழந்தவர். நாட்டோடு கோகினூர் வைரத்தையும் எழுதித்தரும்படி அச்சிறுவனைக் கிழக்கிந்தியக் கும்பினியார் கையொப்பமிட வைத்தனர். தாய் ஜிந்த் கௌரிடமிருந்து பிரிக்கப்பட்டுக் கிறித்தவராகி, 1854இல் இங்கிலாந்து சென்ற துலீப்சிங், விக்டோரியா அரசியாரின் அன்புக்குரியவராக, ஆங்கிலப் பெருநிலக்கிழாரைப்போல் சஃபோக் மாவட்டத்தின் எல்வெடன் மாளிகையில் வாழ்ந்தார். அவர் மணந்த பம்பா முல்லர், செருமானிய வணிகர் ஒருவருக்கும் அபிசீனியப் பெண் ஒருத்திக்கும் எகிப்தில் பிறந்தவர். இவ்விருவரின் மகளாக 1876ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள் இலண்டனில் பிறந்தார் சோபியா. ஞானத்தாயாக அமைந்தவர் விக்டோரியா அரசியாரே. பறித்தவரின் மடியிலேயே பறிகொடுத்தவரின் குழந்தை வளர்ந்தது.

எல்வெடனின் செழிப்பு நீடிக்கவில்லை. கடன் பெருகியது, அரசோடு பிணக்கும் பெருகியது. 1886இல் மனைவி மக்களுடன் இந்தியாவுக்குப் புறப்பட்ட துலீப்சிங், ஏடன் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். குடும்பத்தைத் திருப்பியனுப்பிவிட்டு, அங்கேயே மீண்டும் சீக்கிய சமயத்தைத் தழுவி, பின்னர்ப் பாரிசு நகரம் சென்றார். அப்போது சோபியாவுக்கு ஒன்பது வயது. அடுத்த ஆண்டு அவரை டைபாய்டு காய்ச்சல் பற்றியது. அருகிருந்து பேணிய தாய்க்கும் அந்நோய் தொற்றியது. மகள் பிழைத்தாள், தாய் பிழைக்கவில்லை. 1893இல் தம்பி எட்வர்டு பதின்மூன்று வயதில் இறந்தான். அதே ஆண்டு தந்தையும் பாரிசில் மறைந்தார். பதினேழு வயதுப் பெண்ணுக்கு இத்தனை இழப்புகளும் தனித்தனித் துயரங்களாகவே தோன்றியிருக்கக்கூடும். அவற்றின் பின்னே ஓர் அரசியல் இருந்ததை அவர் உணர்வதற்கு இன்னும் பல்லாண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

1896இல் விக்டோரியா அரசியார், ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையை அடுத்திருந்த ஃபாரடே இல்லத்தைத் துலீப்சிங்கின் மகளிர்க்கு வாடகையின்றி வாழ அளித்தார். அறிவியலறிஞர் மைக்கேல் ஃபாரடே தம் இறுதிக்காலத்தைக் கழித்த இல்லம் அது. இந்திய அமைச்சகத்தின் உதவித்தொகையும் கிடைத்தது. சோபியாவின் இளமை, அக்காலத்துச் செல்வமகளிர்க்குரிய பொழுதுபோக்குகளில் கழிந்தது. உயர்சாதி நாய்களை வளர்த்துக் கண்காட்சிகளில் பரிசு பெற்றார். புதுவரவாகிய மிதிவண்டியில் ஊர்ந்தார். அவருடைய ஆடைகளைப் பற்றி இதழ்கள் எழுதின. இந்தப் பருவத்தில் அவரிடம் பின்னாளைய கிளர்ச்சிக்காரியின் சாயலைத் தேடுவது வீண். வரலாற்று நாயகர்களுக்குத் தொட்டிலிலேயே ஒளிவட்டம் வரைவது நம்மவர் வழக்கம். சோபியாவின் வாழ்க்கை அதற்கு இடந்தராது.

திருப்பம் இந்தியப் பயணத்தில் நேர்ந்தது. 1906ஆம் ஆண்டின் இறுதியையொட்டி, இலாகூரில் வாழத்தொடங்கியிருந்த மூத்த சகோதரி பம்பாவைக் காணச் சென்றார். இலாகூரிலும் அமிர்தசரசிலும் தந்தையின் உறவினர்களைச் சந்தித்தார். நிலவரி உயர்வாலும் குடியேற்ற நிலச் சட்டத்தாலும் பஞ்சாப் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. கோபாலகிருட்டிண கோகலேயையும் லாலா லஜபதிராயையும் அங்கே கண்டார். லஜபதிராயின்பால் அவருக்குப் பெருமதிப்பு ஏற்பட்டது. 1907 மே மாதத்தில் லஜபதிராயை விசாரணையின்றிக் கைதுசெய்து பர்மாவின் மாண்டலே சிறைக்கு அனுப்பியது அரசு. வரி உயர்வை எதிர்த்துப் பேசியவரை அரசு எவ்வாறு நடத்தும் என்பதைச் சோபியா நேரில் கண்ட முதல் பாடம் இதுவே எனலாம். ஆறு ஆண்டுகளுக்குப்பின் ஆங்கிலேய நீதிமன்றம் ஒன்றில் அவர் வரியைப் பற்றிப் பேசியதன் வேர் பஞ்சாப் மண்ணில் இருந்ததா என்பதைச் சான்றுகாட்டி நிறுவ இயலாது. ஆயினும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காணாமலிருக்கவும் இயலவில்லை.

நாடு திரும்பிய சில காலத்திற்குள், எம்மலின் பாங்க்கர்ஸ்ட் அம்மையார் தலைமையில் இயங்கிய பெண்கள் சமூக அரசியல் ஒன்றியத்தில் சேர்ந்தார். 1909இல் தோன்றிய பெண்கள் வரிமறுப்புக் கழகத்திலும் உறுப்பினரானார். வாக்குரிமை இல்லையேல் வரியும் இல்லை என்பது அக்கழகத்தின் கொள்கை. இளவரசி என்ற பட்டம் இயக்கத்திற்குப் பெரும் பயன் தந்தது. ஆனால் மேடைப்பேச்சு அவருக்கு இயல்பாக வரவில்லை. பேசுமாறு அழைத்தால் வேறு ஒருவரைத் தேடும்படி வேண்டுவார். தவிர்க்க இயலாதபோது சில சொற்களோடு அமர்ந்துவிடுவார். நிதி திரட்டினார், இதழ் விற்றார், ஊர்வலங்களில் நடந்தார்.

1910 நவம்பர் 18ஆம் நாள், பெண்களில் ஒரு பகுதியினர்க்கேனும் வாக்குரிமை தர வகைசெய்த சட்டமுன்வரைவைப் பிரதமர் ஆஸ்குவித் கைவிட்டதையடுத்து, ஏறத்தாழ முந்நூறு பெண்கள் நாடாளுமன்றம் நோக்கிச் சென்றனர். முன்னணியில் சென்ற சிறுகுழுவில், பாங்க்கர்ஸ்ட் அம்மையாருடனும், இங்கிலாந்தின் முதற் பெண் மருத்துவர்களுள் ஒருவரும் எழுபது வயதைக் கடந்தவருமாகிய எலிசபெத் காரட் ஆண்டர்சனுடனும் சோபியாவும் இருந்தார். பின்னால் வந்த பெண்களைக் காவலர்கள் பல மணிநேரம் அடித்தும் தள்ளியும் வீழ்த்தியும் இழிவுபடுத்தியும் நடத்திய கொடுமையால் அந்நாள் கறுப்பு வெள்ளி என்று பெயர்பெற்றது. ஒரு காவலர் ஒரு பெண்ணை மீண்டும் மீண்டும் தரையில் வீசுவதைக் கண்ட சோபியா இடையே புகுந்து தடுத்தார். இளவரசி என அறிந்ததும் நழுவ முயன்ற அக்காவலரைக் கூட்டத்தினூடே பின்தொடர்ந்து, அவருடைய எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பின்னர் அவ்வெண்ணைச் சுட்டி முறையீடு எழுதினார். விடைகளில் நிறைவுறாமல் மீண்டும் எழுதினார். உள்துறை அமைச்சராயிருந்த வின்சுடன் சர்ச்சில், இனி இவருக்கு விடையெழுத வேண்டாமென்று கோப்பில் குறித்துவிட்டார். சோபியாவின் இயல்பை இந்நிகழ்ச்சி போல் காட்டுவது வேறொன்றில்லை. அவர் முழங்கவில்லை; எண்ணைக் குறித்துக்கொண்டார்.

1911 பிப்ரவரியில், அரசர் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்த நாளில், டௌனிங் தெருவிலிருந்து புறப்பட்ட பிரதமரின் காரின் முன்னே பாய்ந்து, பெண்களுக்கு வாக்குரிமை கோரும் பதாகையை விரித்துக் காட்டினார். ஆயினும் அவர் சிறைக்கு அனுப்பப்படவில்லை. இங்கேதான் அவருடைய வாழ்வின் முள் இருக்கிறது. அவருடைய தோழியர் நூற்றுக்கணக்கில் ஹாலோவே சிறை புகுந்தனர். உண்ணாநோன்பிருந்தோர்க்கு மூக்கின் வழியாகக் குழாயைச் செலுத்திக் கட்டாயமாக உணவு புகட்டினர். விக்டோரியா அரசியாரின் ஞானமகளை அவ்வாறு நடத்த அரசு துணியவில்லை. ஓர் இந்திய இளவரசி சிறையில் துன்புற்றாள் என்ற செய்தி பஞ்சாபை எட்டினால் விளைவது யாதென்ற அச்சமும் இருந்திருத்தல் கூடும். எந்தப் பிறப்பு அவர் சொல்லுக்கு எடை சேர்த்ததோ, அதே பிறப்பு அச்சொல்லின் விலையை அவர் கொடுக்கவொட்டாமல் தடுத்தது. துன்பத்தையே சாட்சியாகக் கொண்ட ஓர் இயக்கத்தில், துன்புறுத்தப்படாமல் விடப்படுவதும் ஒருவகைத் தண்டனையே.

ஆகவே வரிமறுப்பு அவருக்குப் பொருத்தமான வழியாயிற்று. சிறைக்கதவைத் திறக்க மறுத்த அரசு, வரியை மட்டும் விட்டுக்கொடுக்குமா? 1911 மே மாதம், ஐந்து நாய்களுக்கும் ஒரு வண்டிக்கும் ஓர் ஆண் பணியாளுக்கும் உரிமக் கட்டணம் செலுத்தாத குற்றத்திற்காக ஸ்பெல்தோர்ன் நீதிமன்றம் 3 பவுன் தண்டம் விதித்தது. ஆறு ஷில்லிங் வரிநிலுவைக்காக அதே ஆண்டு ஏழு வைரங்கள் பதித்த அவருடைய மோதிரத்தைக் கைப்பற்றி ஏலமிட்டனர். ஏலக்கூடம் நிறைய வாக்குரிமைப் பெண்கள். அவர்களுள் ஒருவர் 10 பவுனுக்கு அதை எடுத்து, இளவரசியிடமே திருப்பித் தந்தார். துலீப்சிங்கின் மகளிடமிருந்து ஆங்கில அரசு மீண்டும் வைரத்தை எடுத்தது. இம்முறை அது திரும்பி வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கிலும் அவர் விவரம் தர மறுத்தார். ஆட்சியின் கணக்கில் இடம்பெறாத பெண்கள், ஆட்களின் கணக்கில் மட்டும் ஏன் இடம்பெற வேண்டுமென்பது அப்படிவத்தில் அவர் எழுதியனுப்பியதன் கருத்து.

1913 ஏப்ரலில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வாயிலில் நின்று, இயக்கத்தின் இதழாகிய ‘சஃப்ரஜெட்’டை விற்றார். அரசர் அளித்த இல்லத்தில் குடியிருந்துகொண்டு, அரசரின் அரண்மனை வாயிலிலேயே அரசை எதிர்க்கும் இதழை விற்ற அக்காட்சி ஒளிப்படமாகச் செய்தித்தாளில் வந்தது. அரண்மனை வட்டாரம் அதிர்ந்தது. இவரைக் கட்டுப்படுத்த வழியுண்டா என ஐந்தாம் சார்ச்சு மன்னரின் அலுவலர்கள் இந்திய அமைச்சகத்தை வினவினர். இல்லத்திலிருந்து வெளியேற்றும் எண்ணமும் எழுந்தது, ஆனால் நிறைவேறவில்லை. நூற்றைந்து ஆண்டுகள் கழித்து, 2018இல், பிரித்தானிய அஞ்சல்துறை பெண்கள் வாக்குரிமையின் நூற்றாண்டையொட்டி வெளியிட்ட அஞ்சல்தலைகளுள் ஒன்றில் அதே ஒளிப்படம் இடம்பெற்றது. அதன் மூலையில் வழக்கம்போல் அரசியாரின் தலையுருவம். அவர் ஐந்தாம் சார்ச்சின் பேர்த்தி.

அதே 1913 டிசம்பரில் ஃபெல்தம் நீதிமன்றத்தில் சோபியா நின்றார். இரண்டு நாய்கள், ஒரு வண்டி, குலச்சின்னம் பொறித்த பொருள்கள் ஆகியவற்றுக்கு உரிமம் பெறவில்லை என்பது குற்றச்சாட்டு. இழந்த அரசின் குலச்சின்னத்தைப் பயன்படுத்த, அவ்வரசை எடுத்துக்கொண்டவர்க்கே கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். அன்று அவர் பேசினார். அரசின் செலவுகளில் தமக்கு எவ்வகை அதிகாரமும் இல்லாதபோது அதற்குப் பணம் தருவதற்கு மனச்சான்று இடந்தரவில்லை என்றார். நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியத்தில் தம் பங்கும் இருக்க, அவர்களைத் தேர்ந்தெடுப்பதில் தம் குரல் இல்லாமை நீதியன்று என்றார். இங்கிலாந்தின் பெண்கள் வாக்குரிமை பெற்று, தம்மையும் அரசு குடிமகளாக ஏற்கும் நாளில் மனமுவந்து வரி செலுத்துவதாக உறுதி கூறினார். பிரதிநிதித்துவத்திற்குத் தகுதியற்றவர் வரிக்கு மட்டும் எவ்வாறு தகுதியுடையவராவார் என்று கேட்டு முடித்தார். சில நிமிடங்களில் முடிந்த பேச்சு அது. தம்மை இளவரசியாக மதிக்க வேண்டும் என்று அதில் ஓரிடத்திலும் அவர் கேட்கவில்லை. குடிமகள் என்ற சொல்லையே வேண்டினார். மன்றாடவுமில்லை, சினக்கவுமில்லை, ஒரு கணக்கை எடுத்துவைத்தார். மேடையில் கிட்டாத குரல் குற்றக்கூண்டில் அவருக்குக் கிட்டியது.

தண்டம் 12 பவுன் 10 ஷில்லிங். செலுத்த மறுத்தார். 131 முத்துக்கள் கோத்த மாலையும், முத்தும் வைரமும் பதித்த பொன் வளையலும் கைப்பற்றப்பட்டு ட்விக்கனம் நகரமன்றத்தில் ஏலத்திற்கு வந்தன. மாலை 10 பவுனுக்கும் வளையல் 7 பவுனுக்கும் கழகத் தோழியராலேயே வாங்கப்பட்டன.

1914இல் போர் மூண்டதும் இயக்கம் கிளர்ச்சியை நிறுத்தியது. சோபியா செஞ்சிலுவைச் செவிலியாகக் காயமுற்ற இந்திய வீரர்களுக்குத் தொண்டாற்றினார். தம் படுக்கையருகே நிற்கும் செவிலி ரஞ்சித்சிங்கின் பேர்த்தி என்பதைச் சீக்கிய வீரர்களால் எளிதில் நம்ப இயலவில்லை என்பர். போருக்கு முன்பே, கப்பல்களில் உழைத்து இலண்டன் துறைமுகத்தில் கைவிடப்பட்ட லஸ்கார் எனப்படும் கீழைநாட்டு மாலுமிகளின் நலனுக்கும் அவர் உதவியவர். 1918இல் முப்பது வயது கடந்த, சொத்துத்தகுதியுடைய பெண்களுக்கும், 1928இல் ஆடவருக்கு நிகராக எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1928 ஜூன் மாதம், அச்சட்டம் நிறைவேறுவதற்குச் சற்று முன்பாக, பாங்க்கர்ஸ்ட் அம்மையார் மறைந்தார். பின்னர் நாடாளுமன்றத்தை அடுத்த பூங்காவில் நிறுவப்பட்ட அவருடைய சிலைக்கு மலர் அணிவிக்கும் குழுவின் பொறுப்பைச் சோபியா ஏற்றார். 1934இல் புகழ்பெற்றோர் விவரத்திரட்டு ஒன்றிற்கு அனுப்பிய குறிப்பில், தம் ஈடுபாடாக அவர் எழுதியது பெண்களின் முன்னேற்றம் என்பதே. ஒரு காலத்தில் பரிசுகள் வென்ற நாய்களையோ மிதிவண்டியையோ அவர் குறிப்பிடவில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது இலண்டனை விட்டு பக்கிங்காம்ஷயரின் பென் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்; குண்டுவீச்சுக்கு அஞ்சி நகரிலிருந்து அனுப்பப்பட்ட ஏழைக் குழந்தைகளுக்குத் தம் இல்லத்தில் இடந்தந்தார். அருகில் வாழ்ந்த சகோதரி காத்தரின் 1942இல் இறந்தார். 1947இல் இந்தியா விடுதலை பெற்றபோது பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. பாட்டனாரின் தலைநகரமாகிய இலாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. 1948 ஆகஸ்டு 22ஆம் நாள் சோபியா உறக்கத்தில் உயிர்நீத்தார். சீக்கிய முறைப்படி எரியூட்டப்பட வேண்டும், சாம்பல் இந்திய மண்ணைச் சேரவேண்டும் என்பது அவர் விருப்பம். கோல்டர்ஸ் கிரீனில் உடல் எரியூட்டப்பட்டது. 1924இல் பாட்டி ஜிந்த் கௌரின் சாம்பலை நாசிக்கிலிருந்து இலாகூருக்குக் கொண்டுசென்று ரஞ்சித்சிங்கின் நினைவிடத்தில் சேர்த்த பம்பாவே, இப்போது எழுபத்தெட்டு வயதைக் கடந்த நிலையில், தங்கையின் சாம்பலையும் எடுத்துக்கொண்டு கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டார்.