நீலக் கண் கேட்ட சிறுமி

நூற்றாண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. விடுதியில் வளர்ந்தவர்களுக்கும், காலைக் கூட்டத்துக்குப் பிந்தி வந்து கதவோரம் நின்றவர்களுக்கும் நினைவிருக்கும் கதை ஒன்று உண்டு. நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்த சிறுமியின் கதை. வேதபாட ஆசிரியை அதை எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. கதை மனதில் நின்றது. கதைக்குரியவரின் வாழ்க்கையை எங்களில் பலர் தேடி வாசிக்கவில்லை. வயது போன பிறகு வாசித்தபோதுதான், பாடசாலையில் நாம் கேட்டது அதன் இலகுவான பகுதி மட்டுமே என்று தெரிந்தது.

ஏமி கார்மைக்கேல் 1867ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி, அயர்லாந்தின் வட பகுதியில், மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். குடும்பத்துக்கு மாவு ஆலை இருந்தது. தாயாருக்கு நீலக் கண்கள். பிள்ளைக்கோ மண்ணிறக் கண்கள். கடவுளிடம் கேட்டால் கிடைக்கும் என்று தாயார் கற்றுக்கொடுத்ததை அப்படியே நம்பிய சின்னஞ்சிறுமி, ஒரு நாள் இரவு நீலக் கண்களைக் கேட்டுவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் கண்ணாடியைப் பார்த்தாள். அதே மண்ணிறம். மறுப்பதும் ஒரு பதில்தான் என்பது அன்று அவள் கற்ற பாடம். பின்னாளில் தமிழ்நாட்டில் சேலை உடுத்திப் பெண்களோடு பெண்ணாக நடமாட அந்தக் கண்களே உதவின என்று சொல்லி எங்கள் ஆசிரியை கதையை முடிப்பார். கேட்பதற்கு நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் எங்களில் எத்தனை பேருக்கு ஆண்டவரின் மறுப்புக்கான காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரியவந்தது? ஏமி அம்மையாருக்கே எல்லா மறுப்புக்கும் காரணம் கிடைக்கவில்லை.

1885இல் தகப்பனார் நிமோனியாவால் இறந்தார். குடும்பத்தின் பணமும் கரைந்தது. அப்போது அவர்கள் பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்தார்கள். அங்குள்ள ஆலைகளில் வேலைசெய்த பெண்களுக்குத் தொப்பி வாங்க வசதியில்லை. சால்வையால் தலையை மூடிக்கொண்டு வருவார்கள். அவர்களை ஆலயத்துக்கு அழைத்து வந்தபோது கௌரவமான சபையார் முகம் சுளித்தார்கள். அந்தப் பெண்களுக்கென்றே தனியாக ஒரு மண்டபம் வேண்டும் என்று ஏமி ஜெபித்தார். பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜோர்ஜ் முல்லர் யாரிடமும் பணம் கேட்டதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவரும் கையேந்தவில்லை. ஒரு சீமாட்டி 500 பவுண் கொடுத்தார். 1889இல் தகரத்தால் கட்டிய மண்டபம் எழுந்தது. வாழ்நாள் முழுவதும் அவர் விடாமல் பற்றிக்கொண்ட வழக்கம் இங்கேதான் தொடங்கியது.

அதன் பின் வந்த சில வருடங்கள் ஒழுங்கற்றவை. 1893இல் யப்பானுக்குப் போனார், உடல்நலம் கெட்டது. ஓய்வுக்காகச் சீனாவுக்கு வந்தவர், அங்கிருந்து 1894இல் இலங்கைக்குக் கப்பலேறினார். ஆண்டவர் அழைக்கிறார் என்று உள்ளத்தில் உணர்ந்தாராம். தாய்நாட்டில் அவரை அனுப்பியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுடைய மனக்குறையில் நியாயம் இருந்தது என்றே நாங்கள் நினைக்கிறோம். விசுவாசமும் அவசரமும் வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஒரே சாயலாகத் தோன்றுவதுண்டு; உள்ளே இருப்பவருக்கும் சிலவேளை அப்படித்தான். இலங்கையில் அவர் சில மாதங்கள் ஹெனரத்கொடையில் கிராம ஊழியம் செய்தார். இன்றைய கம்பஹாதான் அது. விடுமுறைக்குக் கொழும்புக்குப் போகும்போது கண்டி ரயில் ஜன்னலால் நாம் பார்த்துக் கடந்த அதே இடம். தமக்குத் தகப்பனைப் போலிருந்த முதியவர் ஒருவர் சுகவீனமுற்ற செய்தி வந்ததும், அந்த வருட முடிவிலேயே இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார்.

1895இல் மறுபடியும் புறப்பட்டார். இம்முறை தென்னிந்தியா. முதலில் பெங்களூர், பின்பு திருநெல்வேலிச் சீமை. அதன் பிறகு அவர் ஒரு தடவையேனும் ஊருக்குத் திரும்பவில்லை. 55 வருடங்கள்!

திருநெல்வேலி என்றதும் எங்கள் சகோதரிகளில் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள். கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவிய 1850களில், தோட்டத் தமிழர் மத்தியில் சுவிசேஷ ஊழியம் செய்ய உபதேசியார்கள் அங்கிருந்துதான் அழைத்து வரப்பட்டார்கள். கண்டியிலும் மாத்தளையிலும் கம்பளையிலும் உள்ள பல கிறிஸ்தவக் குடும்பங்களின் வேர் அந்தப் பனங்காட்டு மண்ணில் இருக்கிறது. ஏமி அம்மையார் போய்ச் சேர்ந்தது எங்கள் பாட்டன் பாட்டிமாரை வளர்த்த திருச்சபையில்தான். வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்தார். பொன்னம்மாள் என்ற இளம் விதவையும் வேறு சில பெண்களும் அவரோடு சேர்ந்தார்கள். மாட்டுவண்டியில் ஊரூராகப் போனார்கள்.

1901 மார்ச் மாதம், பண்ணைவிளையில் இருந்தபோது, பிரீனா என்ற ஏழு வயதுப் பிள்ளை அவரிடம் ஓடி வந்தாள். தாய் அவளைப் பெருங்குளத்துக் கோயிலுக்கென்று ஒப்படைத்திருந்தாள். முன்பு ஒரு தரம் தூத்துக்குடிவரை தாயைத் தேடி ஓடி, திரும்பவும் கொண்டுவரப்பட்டு, கையில் சூடு வாங்கியவள். கோயிலுக்குப் பெண்பிள்ளைகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைப் பற்றி அவள் வாயால்தான் அம்மையார் முழுமையாக அறிந்தார். இதைச் சொல்லும்போது எங்கள் இந்துத் தோழியரை நினைத்துக்கொள்கிறோம். ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் அல்லவா? இந்த வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயார் அந்தச் சமூகத்தில் பிறந்தவர். 1947இல் சென்னை மாகாணம் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. அதற்கு 46 வருடங்களுக்கு முன்பே ஒரு பிள்ளை ஓடி வந்தாள், ஒருத்தி கதவைத் திறந்தாள். நடந்தது அவ்வளவுதான்.

அந்தக் கதவை அதற்குப் பிறகு சாத்த முடியவில்லை. மலையடிவாரத்தில் டோனாவூர் என்ற சிற்றூரில் குடியேறினார்கள். அங்கே ஆலயம் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பெயரே ஊருக்கு வந்தது. 1904இல் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கினார்கள். ஊரூராகப் பிரசங்கிக்க வந்தவருக்குப் பால் காய்ச்சுவதும் துணி தோய்ப்பதும் நகம் வெட்டுவதும் வேலையாயிற்று. மிஷனரி ஒருத்தி இதற்காகவா கடல் கடந்தாள் என்று மற்ற மிஷனரிகள் சிலரே கேட்டார்கள். அவருக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஆண்டவர் துவாலையை எடுத்துச் சீஷரின் கால்களைக் கழுவியதை நினைத்து அமைதி கண்டார். திரித்துவக் கல்லூரி ஆலயத்தின் சுவரில் டேவிட் பெயிண்டர் வரைந்த அந்தக் காட்சியைக் கரோல் ஆராதனைக்குப் போன நேரங்களில் நாம் பார்த்திருக்கிறோம். அந்தச் சித்திரத்துக்கும் குழந்தையின் நகத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அன்று எங்களுக்குத் தோன்றவில்லை. பிள்ளை பெற்றுப் பேரப்பிள்ளையும் கண்ட பிறகு தோன்றுகிறது.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அன்றாட வாழ்வில் நம்பிக்கை முதலில் தடுக்கி விழுவது அங்கேதான். டோனாவூரில் நிதி கேட்டு வேண்டுகோள் விடுவதில்லை, கடன் வாங்குவதில்லை, ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவுமில்லை. வரவும் செலவும் எழுதப்பட்டன. வரவு குறைந்தால், ஆண்டவரைக் குறை சொல்லுமுன் தங்களுக்குள் ஏதும் பிழை உண்டா என்று பார்த்தார்கள். முதலாம் உலகப் போரால் விலைவாசி ஏறிக் கிடந்த 1918இல்தான், ஆண் பிள்ளைகளையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். அம்மையாரின் புத்தகங்கள் உலகெங்கும் வாசிக்கப்பட்டனவே, அவை மறைமுகமான வேண்டுகோள் அல்லவா என்று ஒருவர் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. எனினும் மூன்று நேரமும் சாப்பிட நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தபால்காரர் வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது வேறு. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கண்டி வீதிகளில் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற சகோதரிகளுக்கு அதன் பாரம் விளங்கும். அன்று வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சகோதரிகளுக்கும் விளங்கும்.

இனி, வேதபாட ஆசிரியை சொல்லாத பகுதி.

முதலில் வந்த கைக்குழந்தைகளில் சிலர் பிழைக்கவில்லை. ஜெபம் இல்லாமல் அல்ல, பராமரிப்புக் குறைவாலும் அல்ல. தாய்ப்பால் இல்லாத சிசுக்களை அந்தக் காலத்தில் காப்பாற்றுவது அவ்வளவு கடினமாக இருந்தது. 1912இல் வாக்கர் ஐயர் மசூலிப்பட்டணத்துக்கு ஊழியத்துக்குப் போன இடத்தில் திடீரென்று இறந்தார். அவருடைய மனைவி அப்போது இங்கிலாந்தில். குழந்தைகள் இல்லத்தின் தூணாயிருந்த பொன்னம்மாள் புற்றுநோயால் நெடுநாள் வருந்தி 1915இல் மரித்தார். சுகம் வேண்டி எல்லாரும் ஜெபித்தார்கள். அம்மையார் இதற்கு விளக்கம் சொல்ல முயலவில்லை. விளங்காததை விளங்காததாகவே ஏற்று மறுநாள் காலை எழுந்து வேலையைப் பார்த்தார். கோர்ட் வழக்குகளும் வந்தன. காப்பாற்றிய பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பானதும் உண்டு.

1931 அக்டோபர் 24ஆம் திகதி காலையில், உமக்கு ஊழியம் செய்ய என்னை ஆயத்தமாக்க எதை வேண்டுமானாலும் செய்யும் என்ற கருத்தில் அவர் ஜெபித்திருந்தார். அன்று மாலை, களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனார். மங்கிய வெளிச்சம். தோண்டக்கூடாத இடத்தில் தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகும் அடிபட்டது. சில வாரங்களில் எழும்பிவிடுவார் என்று எண்ணினார்கள். கடைசிவரை பழையபடி நடமாடவில்லை. ஏறக்குறைய இருபது வருடங்கள் ஓர் அறையிலும் அதைச் சுற்றிய தாழ்வாரத்திலும் கழிந்தன.

நோயாளிகளுக்கென்று எழுதப்பட்ட ஆறுதல் நூல்கள் சுகமானவர்களால் எழுதப்பட்டவை, அவை வலியில் இருப்பவரை எட்டவில்லை என்று அந்தக் கட்டிலில் அவர் கண்டார். ஆகவே வலியோடு இருந்தபடியே, வலியில் இருப்பவர்களுக்கு எழுதினார். நித்திரை வராத இரவுகளை மறைக்கவில்லை. தன் அறைக்கு வந்துபோகும் பிள்ளைகளின் பிறந்த நாட்களுக்குச் சிறு குறிப்புகள் எழுதி அனுப்பினார். பேராதனை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இலக்கத் துண்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் எங்கள் வயதினருக்கு, ஓடி ஓடிப் பிள்ளைகளை மீட்ட ஏமியைவிடக் கட்டிலில் கிடந்த இந்த ஏமிதான் கிட்டியவர். டொரன்டோவிலும் மெல்பர்னிலும் தனியறையில் இருந்து இந்த மலரைப் புரட்டும் அக்காமாருக்கும் அப்படியே இருக்கலாம்.

1951 ஜனவரி 18ஆம் திகதி, 83ஆம் வயதில் அவர் காலமானார். கல்லறைக் கல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். மரத்தடியில் அடக்கம்பண்ணி, பறவைகள் வந்து நீர் குடிக்க ஒரு கல் தொட்டியை வைத்தார்கள். பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட பெயரை மட்டும் அதில் பொறித்தார்கள்: அம்மை.